ஒப்படைக்கும் சொல்

அகராதியிலே ஒரு சொல்லுக்கு நேரே மற்றொரு மொழிச் சொல்லைக் கண்டுவிட்டால் வேலை முடிந்ததென்று மாணாக்கர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். மொழி கற்பிப்போருக்கோ வேலை அங்கேதான் தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் ‘என்ட்ரஸ்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒரு பொருளையோ பொறுப்பையோ ஆளையோ, இன்னொருவரை நம்பி, அவர் கையில் ஒப்படைத்தல் என்பது அதன் கருத்து. எமது கல்லூரி மாணவர்க்கு அதை விளக்க ஐந்து நிமிடம் போதும். கொரிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சிலருக்கு அதனை விளக்கப் புகுந்தபோது எமக்கு மூன்று மாலைப் பொழுதுகள் வேண்டியிருந்தன. கற்பித்ததிலும் கேட்டறிந்ததே அம்மூன்று மாலைகளிலும் மிகுதி.

பட்டமேற்படிப்பின் பொருட்டுத் தென் கொரியாவின் தேஜோன் நகரிலே நாம் ஈராண்டு தங்கியிருந்தோம். ஆசிரியத் தொழிலில் ஊறியவர்க்கு வகுப்பின்றி இருத்தல் இயலாது போலும். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே, குடியிருப்பை அடுத்திருந்த பொது நூல்நிலையத்தில் வாரந்தோறும் வியாழன் மாலை கூடும் ஆங்கில வாசிப்பு வட்டமொன்றிற் சேர்ந்துகொண்டோம். ஏழு பேர் வருவர். சலவைக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர், வங்கி உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர் ஒருவர், ஒரு தாதி, பல்கலைக்கழக மாணவர் இருவர், சிறு குழந்தையையுடைய ஓர் இளந்தாய், அறுபதை நெருங்கிய ஓர் அம்மையார். எல்லோரும் எம்மைச் ‘சொன்செங்னிம்’ என்றே விளிப்பர். ஆசிரியரைக் குறிக்கும் மரியாதைச் சொல் அது.

கொரிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென மேடைகளில் முழங்குவோரை வாசகர்கள் கேட்டிருக்கக்கூடும். கொரியக் குழந்தைகள் தாயை ‘ஓம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பதைக் கொண்டே பெரிய மாளிகை கட்டிவிடுவோரும் உளர். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய மொழியியலார் இவ்வுறவை ஏற்பதில்லை. எமக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் இரத்த உறவு இல்லாமலே பழக்கவழக்கம் ஒத்துப்போகும் அயல்வீட்டார் இல்லையா? அத்தகைய ஒற்றுமை இவ்விரு மொழிகளுக்கும் இடையே நிச்சயமாக உண்டு. வினை வசனத்தின் ஈற்றில் வரும். உருபு பெயரின் பின்னே ஒட்டும். துணைவினை முதல்வினைக்குப் பின்னே நிற்கும். ‘நண்பனிடம் சாவியை ஒப்படைத்தேன்’ என்ற வசனத்தைச் சொற்களின் வரிசை சிறிதும் மாறாமற் கொரிய மொழியில் ஆக்கிவிடலாம். ஆங்கிலத்தில் ஆக்கப் புகுந்தாலோ எல்லாம் தலைகீழாகின்றது.

ஒப்படைத்தல் என்பதற்குக் கொரியர் வழங்கும் சொல் ‘மத்கிதா’. இது ‘மத்தா’ என்ற சொல்லின் பிறவினை. ‘மத்தா’ என்றால் ஒன்றைத் தன் பொறுப்பில் ஏற்றல். (இதே ஒலியுடைய வேறொரு ‘மத்தா’வுக்கு மோந்து பார்த்தல் என்று பொருள். கடமையை ஏற்றேன் என்று சொல்ல வந்தவர் கடமையை மோந்தேன் என்று சொன்னதாகக் கேட்பவர் நகைக்கவும் இடமுண்டு.) தமிழிலே ‘உண்’ என்பதற்கு ‘ஊட்டு’ இருப்பதுபோல, கொரிய மொழியிலும் உண்ணுதலைக் குறிக்கும் ‘மொக்தா’வுக்கு ஊட்டுதலைக் குறிக்கும் ‘மொகிதா’ உண்டு. அந்த முறையிலேயே ‘மத்தா’விலிருந்து ‘மத்கிதா’ பிறந்தது. ஆகவே அதன் நேர்ப்பொருள் ஏற்பித்தல். அதாவது, இன்னொருவரைப் பொறுப்பேற்கச் செய்தல்.

இந்தச் சொல்லுக்குள்ளே நம்பிக்கை எங்கே இருக்கின்றதென்று தேடினால் அகப்படாது. பொறுப்புத்தான் அகப்படும். ஆங்கிலச் சொல்லிலோ நடுநாயகமாக இருப்பதே நம்பிக்கை. ‘ட்ரஸ்ட்’ என்னும் அப்பகுதி பழைய நோர்ஸ் மொழியின் வழி வந்தது. முன்னொட்டு பிரெஞ்சின் வழி வந்தது. இரண்டும் கூடிய சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு ஆங்கிலத்தில் வழங்குகின்றது. ஒப்படைத்தல் என்ற செயலுக்கு இரு கரைகள் உண்டு. ஒரு கரையிலே கொடுப்பவர் நிற்கிறார். மறுகரையிலே ஏற்பவர் நிற்கிறார். ஆங்கிலச் சொல் கொடுப்பவரின் கரையில் நின்று அவர் நெஞ்சைப் பார்க்கின்றது. கொரியச் சொல் ஏற்பவரின் கரையில் நின்று அவர் தோளைப் பார்க்கின்றது. கொரியர் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால் ‘மித்கோ மத்கிதா’ என்பர். ‘நம்பி ஒப்படைத்தல்’ என்பது அதன் பொருள். நம்பி ஒப்படைக்கத் தக்கவர் என்று ஒருவரைச் சொல்வது அவர்களிடையே சிறந்த பாராட்டு. நம்பிக்கையைத் தனிச் சொல்லாகச் சேர்க்க வேண்டியிருப்பதே, ‘மத்கிதா’வுக்குள் அது அடங்கியிருக்கவில்லை என்பதற்குச் சான்று அன்றோ?

முதல் மாலை இவ்வேறுபாட்டை யாரும் அறிந்திருக்கவில்லை. கொரிய அகராதி ‘மத்கிதா’வுக்கு நேரே ‘என்ட்ரஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வங்கிக்காரர் ஒரு வசனம் எழுதிவந்தார். தமது மேலங்கியைச் சலவைக் கடைக்கு ‘என்ட்ரஸ்ட்’ செய்தாராம். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் வாசித்தாற் புன்னகை செய்வார். கோயில் நகைப் பெட்டியைத் தருமகர்த்தாவிடம் ஒப்படைக்கும் தோரணையில் அழுக்குச் சட்டையைக் கொடுத்தது போன்றிருக்கும்.

‘மத்கிதா’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை அடங்குகின்றன என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். உடுப்பைச் சலவைக்குக் கொடுத்தல், பெட்டியை விடுதியில் வைத்துச் செல்லுதல், மணிக்கூட்டைத் திருத்தக் கொடுத்தல், பணத்தை வங்கியில் இடுதல், பிள்ளையைக் காப்பகத்தில் விடுதல், வேலையைக் கீழுள்ளவரிடம் பகிர்ந்தளித்தல் எல்லாம் அதுவே. அலையிலே உடலை மிதக்கவிட்டாலும் அச்சொல்தான். கதையின் முடிவை வாசகரின் கற்பனைக்கு விட்டாலும் அச்சொல்தான். ஆங்கிலமோ ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கின்றது. பணத்தை வைப்பிலிடுவதற்கு ஒன்று. இரகசியத்தை நம்பிச் சொல்வதற்கு ஒன்று. சரக்கை அனுப்பி ஒப்புவிப்பதற்கு ஒன்று. அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதற்கு ஒன்று. அன்றாடச் செயல்களிற் பெரும்பாலானவற்றுக்கு ‘லீவ்’ என்ற எளிய சொல்லே போதும். ‘என்ட்ரஸ்ட்’ என்பது விலைமதிப்புள்ளதையும் இழந்தால் மீளாததையும் கொடுக்கும்போது மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து உடுக்கும் பட்டுச்சேலை.

இதைக் கேட்டுச் சலவைக் கடைக்காரர் முகம் சுளித்தார். “உடுப்பைத் தருபவருக்கு அது சாதாரணமாக இருக்கலாம். என் கைக்கு வந்துவிட்டால் அது என் பொறுப்பு. ஒரு பொத்தான் விழுந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். விட்டுச் சென்றார் என்கிறீர்களே, என் கடை தெருவோரமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. நாற்பது வருடம் பிறர் உடுப்பைச் சுமந்த தோள் அது. கரைகள் இரண்டு என்ற உவமை எமக்குத் தோன்றியது அக்கேள்வியினாலேதான். வாடிக்கையாளர் கரையில் நின்றால் ‘லீவ்’ சரி. கடைக்காரர் கரையில் நின்றால் ‘மத்தா’வே சரி. ஆங்கிலத்தில் இரண்டாவதைச் சொல்ல விரும்பினால் வேறு வினை தேடி, கடைக்காரரையே எழுவாயாக்கி, அவர் பொறுப்பேற்றார் என்று தனி வசனம் எழுத வேண்டும்.

‘லீவ்’ எளிய சொல் என்றோம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பொருளை ஒருவரிடம் பாதுகாப்புக்காக விட்டுச் சென்றால் அதன்பின் ‘வித்’ என்னும் இடைச்சொல் வரவேண்டும். தீர்மானத்தையோ வேலையையோ ஒருவர் பொறுப்பில் விட்டால் ‘டு’ வரவேண்டும். மரணசாசனத்தில் ஒருவருக்குச் சொத்தை எழுதிவைத்தாலும் அதே ‘டு’தான். மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊருக்குப் போனபோது தமது நாயை அயல்வீட்டாரிடம் விட்டுச் சென்றதாக எழுதி, ‘வித்’ வரவேண்டிய இடத்தில் ‘டு’வை இட்டிருந்தார். வாசித்தால், அவர் காலமாகி நாய் முதுசமாக அயல்வீட்டாரைச் சேர்ந்துவிட்டது போன்றிருந்தது.

‘மத்தா’ என்னும் சொல்லைக் கொரியர் எவ்வளவு மதிக்கின்றனர் என்பதற்கு இன்னும் சில சொல்லலாம். பரீட்சைக் காலத்தில் நூல்நிலைய மேசையிற் புத்தகத்தை வைத்து இடம் பிடிப்பதும் ‘மத்தா’தான். வகுப்பாசிரியரை அவர்கள் ‘தாமிம்’ என்பர். சீன எழுத்தில் அதன் முதற்பகுதிக்குத் தோளிற் சுமத்தல் என்று பொருள். வகுப்பைத் தோளில் ஏற்றவரே வகுப்பாசிரியர். இங்கு எமது கல்லூரியிலோ அந்தப் பதவி, வரவுப் பதிவேட்டை வைத்திருப்பவர் என்ற அளவில் நின்றுவிடுகின்றது.

காரணமின்றிப் பணம் கேட்டு நிற்பவனைப் பார்த்து, “என்னிடம் தந்து வைத்திருந்தாயோ?” என்று கொரியர் கேட்பதுண்டு. ‘மத்க்யோ நோத்தா’ என்பது அவர்கள் தொடர். அதில் வரும் ‘நோத்தா’ எமது ‘வை’ என்னும் துணைவினைக்கு ஒப்பானது. நாம் இதைக் கேட்டு வியந்து, தமிழில் நல்வாழ்வு பெற்றவரைக் ‘கொடுத்து வைத்தவர்’ என்போம் என்று சொன்னோம். யாரிடம் கொடுத்து வைத்தார், எதைக் கொடுத்து வைத்தார் என்று உடனே கேள்வி எழுந்தது. முற்பிறப்பிற் செய்த புண்ணியத்தை என்று விளக்கியதும் வங்கிக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வட்டியும் உண்டோ என்று கேட்டார்.

இளந்தாயின் கேள்விதான் அன்று கடினமாக இருந்தது. காலையிலே குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குச் செல்பவர் அவர். கொரியர் அவ்விடத்தைக் குழந்தை இல்லம் என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். அங்கு குழந்தையை ‘மத்கிதா’ செய்கிறார். ஆங்கிலத்தில் ‘லீவ்’ என்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. கைவிட்டுப் போவது போலத் தோன்றுகிறதாம். அன்றாடம் விட்டு, மாலையில் அழைத்துச் செல்வதற்கு ‘லீவ்’ என்பதே இயல்பு என்றும், நெடுந்தூரம் பயணமாகித் தமக்கையின் கையில் ஓராண்டு ஒப்படைத்தால் ‘என்ட்ரஸ்ட்’ பொருந்தும் என்றும் நாம் சொன்னோம். ஆளை ஒப்படைத்தலின் பாரம் எத்தகையது என்பதை விளக்க அப்போது எமக்குக் கைகொடுத்தது சிலப்பதிகாரம். கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுத்த கதையை எம்மால் இயன்றவரை எளிய ஆங்கிலத்திற் சொன்னோம். அடைக்கலம் என்ற தமிழ்ச் சொல் புகலிடத்தையும் குறிக்கும், ஒப்படைத்த பொருளையும் குறிக்கும் என்பதையும் சொன்னோம். “பிறகு அந்த இடைச்சிக்கு என்ன நடந்தது?” என்று தாதி கேட்டார். கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் மாதரியின் குற்றமன்று. எனினும் அடைக்கலத்தைக் காக்க முடியாமற் போயிற்றே என்று அவள் தீயிற் புகுந்தாள் என்றோம். சலவைக் கடைக்காரர் மெல்லத் தலையசைத்து, ‘மத்தா’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னார்.

இரண்டாம் மாலை முழுவதும் இலக்கணத்துக்கே போயிற்று. கொரிய மொழியில் ஒப்படைக்கும் பொருள் எப்போதும் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும். ஏற்பவர் மனிதராயின் ‘எகே’ என்ற உருபும், நிறுவனமோ இடமோ ஆயின் ‘எ’ என்ற உருபும் வரும். தமிழர்க்கு இதில் புதுமை இல்லை. நண்பனிடம் பணம் கொடுத்தேன், வங்கியிற் பணம் போட்டேன் என்று நாமும் ஆளுக்கு ஓர் உருபும் இடத்துக்கு வேறோர் உருபும் வழங்குகின்றோமல்லவா? ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆளாயினும் வங்கியாயினும் ‘டு’ ஒன்றே. இதைக் கொரியர் இலகுவிற் பற்றிக்கொண்டனர்.

அவர்களைத் திணறச் செய்தது மற்ற வழி. ஆங்கிலத்தில் ‘என்ட்ரஸ்ட்’ இரு வகையாக வரும். பொருளைச் செயப்படுபொருளாக வைத்து ஆளை ‘டு’வாற் சேர்ப்பது ஒன்று. ஆளைச் செயப்படுபொருளாக வைத்துப் பொருளை ‘வித்’தாற் சேர்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பாருங்கள்: ‘அவனைச் சாவியோடு ஒப்படைத்தேன்’ என்று வரும். சாவியையும் பையனையும் ஒன்றாகக் கட்டிப் பொலிசாரிடம் கொடுத்தது போலில்லையா? கொரிய மொழியிலும் இதே கூத்துத்தான். பாடசாலைக்குப் புத்தகம் வழங்கினார் என்பதை ஆங்கிலேயர், பாடசாலையைப் புத்தகத்தால் நிறைத்தார் என்பது போன்ற அமைப்பிற் சொல்வர். இதுவும் அவ்வகையே என்று காட்டினோம். ஆள் ஒரு பாத்திரம், பொறுப்பு அதில் ஊற்றப்படும் நீர் என்று கொண்டாற் சற்றுத் தெளிவு பிறக்கும். இவ்வகையில் ‘வித்’தை விட்டுவிடுதலே எல்லோரும் செய்யும் பிழை.

பத்திரிகைகளில் இவ்வினை செயப்பாட்டு வடிவிலேயே மிகுதியும் காணப்படும். இன்னாரிடம் இன்ன பணி ஒப்படைக்கப்பட்டது என்பதை, ஆளையே எழுவாயாக்கி, ‘வித்’தோடு எழுதுவர். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அந்தச் செயப்பாட்டு வசனத்தைக் கொரிய மொழியில் இயல்பாகச் சொல்ல வேண்டுமாயின், செயப்பாட்டை விட்டுவிட்டு, ‘அவர் அப்பணியை மத்தா செய்தார்’ என்று செய்வினையாற் சொல்ல வேண்டும். தமிழிலும் ‘பொறுப்பேற்றார்’ என்கின்றோம். ஆங்கிலேயர் பார்வையில் வாளா நின்று பெற்றுக்கொண்ட மனிதர், எம்மவர் பார்வையிலும் கொரியர் பார்வையிலும் கை நீட்டி வாங்கிக்கொண்ட மனிதராகிவிடுகின்றார். ஒரே நியமனம், ஒரே நாற்காலி.

கொரியாவின் வேலை அனுமதித் திட்டம் 2004ஆம் ஆண்டு தொடங்கிய பின்னர், எமது தீவிலிருந்தும் இளைஞர் பலர் கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தொழிலுக்குச் சென்றுள்ளனர். அப்பரீட்சைக்குப் படிப்போருக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் வழியாகக் கொரிய மொழியைக் கற்கும்போது ‘மத்கிதா’வுக்கு நேரே ‘என்ட்ரஸ்ட்’ என்று மனனம் செய்யாதீர்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் உங்களுக்கு ஓர் இயந்திரத்தை ‘மத்கிதா’ செய்தால், அவர் உங்களை நம்பினார் என்று மகிழ்வதற்கு முன், அது பழுதுபட்டாற் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதை உணருங்கள்.

புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது கொரியர் தலை தாழ்த்தி, “சால் புத்தாக் துரிம்னிதா” என்று சொல்லும் வழக்கத்தையும் அவ்விளைஞர் அறிந்திருப்பர். பாடப்புத்தகங்கள் இதற்கு ஏதோ ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்ற அளவில் பொருள் எழுதிவிடுகின்றன. ‘புத்தாக்’ என்பது சீன எழுத்துகளால் அமைந்த சொல். இன்று அதற்கு வேண்டுகோள் என்று பொருள். எனினும் அதன் இரண்டாம் எழுத்தின் பொருள் ஒப்படைத்தலேயாகும். அவ்வெழுத்தின் இடப்பக்கத்திலே பேச்சைக் குறிக்கும் அடையாளம் இருக்கின்றது. வாயாற் சொல்லி ஒப்படைத்தல் என்று கொள்ளலாம். அறிமுகமான முதற்கணத்திலேயே தம்மை மற்றவர் பொறுப்பில் வைத்துவிடும் இவ்வழக்கம் எமக்கு மிகவும் உவப்பானது.

அதே எழுத்து, மகிழ்ச்சியற்ற ஓர் இடத்திலும் நிற்கின்றது. மூன்றாம் மாலை அதைத் தொட நேர்ந்தது. ‘என்ட்ரஸ்ட்’டை விளக்கிவிட்டு, அதன் நடுவிலுள்ள ‘ட்ரஸ்ட்’ என்பதற்குச் சட்டத்தில் நம்பிக்கைப் பொறுப்பு என்ற பொருள் உண்டென்றும், அதை ஏற்று நடத்துபவரைக் குறிக்கவும் அதிலிருந்தே சொல் பிறந்ததென்றும் சொன்னோம். “சின்தாக்” என்றார் வங்கிக்காரர். நம்பிக்கை, ஒப்படைப்பு என்ற இரண்டு எழுத்துகளும் கூடிய சொல் அது. வங்கியில் அவர் பல வருடம் அப்பகுதியிலேயே கடமையாற்றியவராம். சற்றுப் பொறுத்து, தம் தந்தையாருக்கு அச்சொல்லைக் கேட்கவே பிடிக்காது என்றார்.

காரணத்தை வரலாறு அறிந்தோர் அறிவர். 1910 முதல் ஜப்பானின் ஆட்சியிலிருந்த கொரியா 1945 ஓகஸ்டில் விடுபட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா ஆகிய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் மொஸ்கோவிற் கூடினர். இம்மூன்று நாடுகளோடு சீனாவும் சேர்ந்து, ஐந்தாண்டு வரை கொரியாவை நம்பிக்கைப் பொறுப்பாட்சியில் வைத்திருப்பதென்று அங்கு முடிவாயிற்று. செய்தி எட்டியதும் சியோலில் மக்கள் வீதிக்கு இறங்கினர். வலதுசாரிகள் தொடர்ந்து எதிர்த்தனர். முதலில் எதிர்த்த இடதுசாரிகள் 1946 ஜனவரியில் மொஸ்கோ முடிவின் பக்கம் சாய்ந்தனர். பிளவு ஆழமாயிற்று. அந்தப் பொறுப்பாட்சி நடைமுறைக்கு வரவேயில்லை. 1948இல் வடக்கிலும் தெற்கிலும் இரு வேறு அரசுகள் அமைந்தன. வங்கிக்காரரின் தந்தையார் ஊர்வலத்தில் நடந்தவர்களுள் ஒருவராம்.

ஒப்படைக்கும் வினைக்கு மூவர் வேண்டும் என்று முன்னைய வாரம் கற்பித்திருந்தோமே, அதை இங்கே வைத்துப் பாருங்கள் என்று மாணவருள் ஒருவர் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். ஏற்பவர் நான்கு வல்லரசுகள். ஒப்படைத்த பொருள் கொரியா. கொடுத்தவர் யார்? அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்து அமர்ந்தார். தனக்கு உரிமையில்லாத ஒன்றை எவரும் ‘என்ட்ரஸ்ட்’ செய்தல் இயலாது. உரியவர்களான மக்களை யாரும் கேட்கவில்லை. வசனத்தில் எழுவாய் இல்லாமல் நம்பிக்கை என்ற சொல்லை மட்டும் வைத்து எழுதிய பத்திரம் அது. இலக்கண வகுப்பொன்றில் எமக்குக் கிடைத்த மிக நல்ல விடை அந்த வெற்றிடம் என்றே இன்றும் எண்ணுகின்றோம்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் எழும் வேளையில், அதுவரை அதிகம் பேசாதிருந்த அம்மையார் ஒரு தாளை நீட்டினார். அவருடைய மகன் குடும்பத்தோடு கனடாவில் வசிக்கிறார். பேரனுக்குக் கொரிய மொழி வாசிக்கத் தெரியாது. வளர்ந்தபின் வாசிக்கட்டும் என்று தம் சிறுவயதுக் கதையை ஆங்கிலத்தில் எழுதி வருகிறாராம். முதல் வசனத்திலேயே தடைப்பட்டு நின்றுவிட்டார். ஆறு வயதில் அவரைக் கிராமத்தில் பாட்டியிடம் விட்டு, தாயும் தந்தையும் தொழில் தேடிச் சியோலுக்குச் சென்றனர். ‘அம்மா என்னைப் பாட்டியிடம்’ என்பது வரை ஆங்கிலத்தில் எப்படியோ வந்துவிட்டது. வினைதான் வரவில்லை.

கொரிய மொழியிலாயின் ‘மத்கிதா’ என்று எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடலாம். தாயின் மனத்தில் என்ன இருந்தது என்று அச்சொல் கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கிறது. ‘லீவ்’ என்றால் தாய் விட்டுச் சென்றாள். ‘என்ட்ரஸ்ட்’ என்றால் தாய் நம்பி ஒப்படைத்தாள். அறுபது வயதை நெருங்கும் ஒருவர், தம் தாயைப் பற்றி இத்தனை காலமும் தீர்மானிக்காதிருந்த ஒன்றை, ஒரு பிறமொழி வினைச்சொல்லின் பொருட்டுத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இளந்தாய் ‘என்ட்ரஸ்ட்’ என்றே எழுத வேண்டுமென்று வாதாடினார். மாணவர் இருவரும் அது பேச்சுவழக்குக்குப் பொருந்தாது என்றனர். பாட்டி என்ன செய்தார் என்பதே பேச்சு, தாய் என்ன நினைத்தார் என்பதன்று என்றார் சலவைக் கடைக்காரர். நாம் ‘என்ட்ரஸ்ட்’டின் பக்கமே நின்றோம். எமது ஊரிலும் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுக் கடல் கடந்து உழைக்கப் போன தாய்மார் எத்தனையோ பேர். ‘விட்டுவிட்டு’ என்றுதான் நாமும் சொல்கின்றோம். அச்சொல்லைக் கேட்கும் பிள்ளையின் முகத்தையும் வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். ஆகையால் சற்றுக் கனமான சொல்லாயினும் அதுவே தகும் என்று எமது அபிப்பிராயத்தைச் சொன்னோம். அம்மையார் எல்லோரையும் கேட்டுக்கொண்டு தாளை மடித்து வைத்தார்.

அடுத்த வியாழன் முழுப்பக்கம் எழுதி வந்தார். ‘லீவ்’ என்றே எழுதியிருந்தார். அதன்பின் இரண்டு வசனங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன. இலையுதிர்கால அறுவடைப் பெருநாளுக்கு அம்மா ஊருக்கு வரும்போதெல்லாம் சப்பாத்து வாங்கி வருவார். அளவு தெரியாதபடியால் ஒவ்வொரு முறையும் அது பெரிதாகவே இருக்கும். அம்மா புறப்பட்டுப் போனபின் பாட்டி அதன் முனையிற் பஞ்சு திணித்துத் தருவார்.

நாம் அப்பக்கத்தில் ஓர் இடத்தையே திருத்தினோம். ‘லீவ்’ என்பதன் பின்னே ‘டு’ என்றிருந்ததை ‘வித்’ ஆக்கினோம்.